படத்துக்குள் வைரஸ்: எதற்கு அஞ்ச வேண்டும்?

காலை வணக்கப் படங்களையும் வாழ்த்து வீடியோக்களையும் உடனே அழித்துவிட வேண்டும், சீன ஹேக்கர்கள் அவற்றுக்குள் ரகசியக் குறியீடுகளை ஒளித்து அனுப்புகிறார்கள் என்று ஓர் எச்சரிக்கை பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஷாங்காயில் உள்ள ஏதோ ஒரு செய்தி நிறுவனம் சொன்னதாக அதில் இருக்கும். மஹல்லா குழுக்களிலும் குடும்பக் குழுக்களிலும் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. ‘ஜும்ஆ முபாரக்’ படங்களையும் இனி யாரும் அனுப்ப வேண்டாம் என்று கீழே ஒரு வரி சேர்த்து அனுப்புகிறவர்களும் உண்டு.

இந்தச் செய்தி பொய். ஆனால் படக் கோப்பு வழியாக ஒருவரின் கைபேசிக்குள் நுழைய முடியும் என்பது பொய்யல்ல. அது நடந்திருக்கிறது, முஸ்லிம் நாடுகளில் வாழ்கிறவர்களைக் குறிவைத்தே நடந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு விளங்காததால், நம் குடும்பங்கள் பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து, கதவு திறந்து கிடக்கும் இடத்தில் அசட்டையாக இருக்கின்றன.

படம் தானாக எதையும் செய்யாது

கைபேசியில் எடுக்கும் படம் என்பது எண்களின் நீண்ட வரிசைதான். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 200 என்று இருப்பதை 201 என்று மாற்றினால் நம் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இப்படிச் சின்னச் சின்ன மாற்றங்களின் மூலம் ஒரு செய்தியைப் படத்துக்குள் பதுக்கி வைக்கும் முறைக்கு ஸ்டெகனோகிராஃபி என்று பெயர். 12 மெகாபிக்சல் படம் ஒன்றில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள், அதாவது 3 கோடியே 60 லட்சம் எண்கள் இருக்கின்றன. எண்ணுக்கு ஒரு பிட் வீதம் ஒளித்தாலே சுமார் நான்கரை எம்பி இடம் கிடைக்கும். ஒரு தடித்த நூலின் எழுத்து முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் ஒளித்து வைத்தது அங்கேயேதான் கிடக்கும். ‘பெட்டிச் சாவியை எடுத்து வாசலில் வை’ என்று ஒரு கடிதத்தில் எழுதி உறையிலிட்டு அனுப்பினால், கடிதம் எழுந்து போய்ச் சாவியை எடுக்காது. அதைப் படித்து அதன்படி நடக்க வீட்டுக்குள் ஓர் ஆள் வேண்டும். 2002 ஜூன் மாதம் ‘பெர்ரன்’ என்ற நிரலைப் பற்றி மெக்காஃபி நிறுவனம் அறிவித்தபோது, ஜேபெக் படங்களில் தொற்றும் முதல் வைரஸ் என்று உலகெங்கும் பரபரப்பானது. அந்த வைரஸ் வேலை செய்ய வேண்டுமானால், படத்திலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் இன்னொரு நிரல் அதே கணினியில் முன்பே இருந்தாக வேண்டும். அந்த நிரல் இல்லாத கணினியில் அது வெறும் படம்தான்.

இன்னொன்றும் உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் படமாக அனுப்பும்போது செயலி பொதுவாக அதைச் சுருக்கி மீண்டும் எழுதுகிறது. அந்தச் சுருக்கலில், இப்படி ஒளித்து வைத்தவை பெரும்பாலும் சிதைந்துபோகும். ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்பினால்தான் கோப்பு அனுப்பியபடியே வந்து சேரும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் பிற்பகுதியில் தேவைப்படும்.

உண்மையில் நடந்தது எங்கே?

கடிதத்தைப் படிக்க வீட்டுக்குள் ஓர் ஆள் வேண்டும் என்றேன். கைபேசியில் அந்த ஆள், படத்தைத் திறந்து காட்டும் மென்பொருள்தான். அந்த மென்பொருளில் ஒரு பிழை இருந்து, அந்தப் பிழைக்கு ஏற்றபடி ஒரு படக் கோப்பைத் தயாரித்துவிட்டால், படத்தைத் திறக்கும் செயலே ஊடுருவலுக்கு வழியாகிவிடும். 2004 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் இத்தகைய ஒரு ஜேபெக் பிழையைத் திருத்தியது. 2015இல் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற பெயரில் ஆண்ட்ராய்டில் வீடியோக்களைக் கையாளும் பகுதியிலேயே பிழைகள் வெளிப்பட்டன. எனவே இது புதிதுமல்ல, ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதுமல்ல.

2021இல் நடந்தது இவற்றைவிட ஒரு படி மேலே. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள், சவூதி அரேபியாவைச் சேர்ந்த ஒரு சமூகச் செயல்பாட்டாளரின் ஐஃபோனைச் சோதித்தபோது, ஜிஃப் படம் என்று பெயரிடப்பட்ட சில கோப்புகளைக் கண்டார்கள். அவற்றில் சில ஜிஃப் படங்களே அல்ல, பிடிஎஃப் கோப்புகள். பழைய ஸ்கேனர்களும் ஃபேக்ஸ் இயந்திரங்களும் பயன்படுத்திய ஒரு சுருக்கல் முறையைக் கையாளும் பகுதியிலிருந்த பிழையை அவை குறிவைத்தன. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு பின்னர் இதைப் பிரித்துப் பார்த்தபோது, அந்த ஒரே கோப்புக்குள் 70,000க்கும் மேற்பட்ட கட்டளைத் துண்டுகளை அடுக்கி ஒரு சிறிய கணினியையே கட்டியிருந்தது தெரியவந்தது. பெறுகிறவர் எதையும் தொட வேண்டியதில்லை, செய்தி வந்து சேர்ந்தாலே போதும். இதன் பின்னால் இருந்தது பெகாசஸ் உளவுமென்பொருளை விற்கும் இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் என்று சிட்டிசன் லேப் கூறியது. ஆப்பிள் 2021 செப்டம்பர் 13 அன்று அவசரத் திருத்தம் வெளியிட்டது.

அடுத்தது நம் வீடுகளில் அதிகம் புழங்கும் சாம்சங் கைபேசிகள். ‘லேண்ட்ஃபால்’ என்று பெயரிடப்பட்ட ஓர் உளவுமென்பொருளைப் பற்றி பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் யூனிட் 42 ஆய்வாளர்கள் 2025 நவம்பரில் அறிக்கை வெளியிட்டார்கள். டிஎன்ஜி என்ற வகைப் படக் கோப்பின் வாலில் ஒரு ஜிப் கோப்பை ஒட்டி, அதற்குள் உளவு நிரலை வைத்திருந்தார்கள். கோப்பின் பெயரோ வாட்ஸ்அப்பில் நாம் அன்றாடம் பார்க்கும் படங்களின் பெயரைப் போலவே இருந்தது. குறிவைக்கப்பட்டவை கேலக்ஸி எஸ்22, எஸ்23, எஸ்24 போன்ற விலை உயர்ந்த கைபேசிகள். இராக், ஈரான், துருக்கி, மொராக்கோ ஆகிய நாடுகளில் உள்ளவர்கள் இலக்காக இருந்திருக்கலாம் என்று அறிக்கை கூறியது. கைபேசிக்குள் நுழைந்தபின் அதனால் மைக்கைத் திறந்து பேச்சைப் பதிவு செய்ய முடியும். இருப்பிடம், படங்கள், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் எடுக்க முடியும்.

இந்த நான்கு நாடுகளின் பெயரைப் படித்ததும் நம் மனதில் எழும் கோபம் நியாயமானது. அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதியின்றி எட்டிப் பார்ப்பதைக்கூட நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பிறர் குறைகளைத் துருவி ஆராயாதீர்கள் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் உள்ள தடை. அந்தத் தடையை ஓதுகிற நாடுகளின் அரசுகளும் இந்த மென்பொருள்களின் வாடிக்கையாளர்களாக இருப்பதாக ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார்கள். விற்பவனை மட்டும் சபித்துவிட்டு வாங்குகிறவனை விட்டுவிடுவது நீதியாகாது. இந்தியாவிலும் இந்தக் கேள்வி முடிந்துபோகவில்லை. பெகாசஸ் புகாரை விசாரிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைபேசிகளைச் சோதித்து, ஐந்தில் ஏதோ ஒரு தீங்கு நிரல் இருந்தது, ஆனால் அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. அரசு தன் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்றும் குழு கூறியதாக 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் தெரிவித்தது.

ஆனால் ஒரு விஷயத்தை நிதானமாகப் பாருங்கள். இத்தகைய பிழை ஒன்றின் விலை சந்தையில் பல கோடி ரூபாய். அதை வாங்குகிறவன் ஒரு பத்திரிகையாளரையோ, வழக்கறிஞரையோ, செயல்பாட்டாளரையோ குறிவைத்துத்தான் பயன்படுத்துவான். பத்தாயிரம் பேருக்குக் குட் மார்னிங் படமாக அனுப்பி, பிழையை உலகுக்குக் காட்டிக்கொடுக்க மாட்டான். நம் உம்மாவின் சேமிப்புக் கணக்கிலுள்ள நாற்பதாயிரத்துக்காக எவனும் இதைச் செலவழிக்கப் போவதில்லை.

இதற்கான பாதுகாப்பும் நாம் நினைப்பதைவிட எளிது. லேண்ட்ஃபால் பயன்படுத்திய பிழையைச் சாம்சங் 2025 ஏப்ரலிலேயே திருத்திவிட்டது. அறிக்கை வந்தது நவம்பரில். அதாவது ஏப்ரல் மாத அப்டேட்டை நிறுவியவருக்கு, உலகம் இந்தப் பெயரைக் கேள்விப்படுவதற்கு ஏழு மாதம் முன்பே அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. ‘அப்புறம் நினைவூட்டு’ என்று தள்ளிக்கொண்டே போனவருக்குத் திறந்தே கிடந்தது. படங்களை அழிப்பதால் அது மூடாது.

நம் குடும்பங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. மகன் புதிய கைபேசி வாங்குவான், அவனுடைய பழையது தங்கைக்குப் போகும், தங்கையுடையது உம்மாவுக்கு வரும். உம்மாவின் கைக்கு வரும்போது அந்தக் கைபேசிக்கு நிறுவனம் பாதுகாப்புத் திருத்தம் அனுப்புவதையே நிறுத்தியிருக்கும். துபாயிலிருந்தும் ரியாதிலிருந்தும் அனுப்பும் பணம் வந்து விழும் கணக்கு இணைக்கப்பட்டிருப்பதோ அந்தக் கைபேசியில்தான். வீட்டிலேயே பலவீனமான கைபேசியில் வீட்டின் மொத்தப் பணமும் இருக்கிறது.

கணக்கைக் காலி செய்வது வேறொன்று

2025 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் ஒருவர் அறியாத எண்ணிலிருந்து வந்த படத்தைத் தரவிறக்கியதால் சுமார் 2 லட்சம் ரூபாயை இழந்தார் என்று நாளிதழ்கள் எழுதின. ஸ்டெகனோகிராஃபி என்ற சொல் அப்போதுதான் பலருடைய வாயில் புழங்கத் தொடங்கியது. செய்தியின் பரபரப்புக்கு ஈடான தொழில்நுட்ப ஆதாரம் அதில் இல்லை. அதே காலத்தில் நாடு முழுவதும் காவல்துறைகள் எச்சரித்துக்கொண்டிருந்தது மிகச் சாதாரணமான வேறொரு வழியைப் பற்றி.

அது ஏபிகே கோப்பு. ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒரு செயலியை நிறுவுவதற்கான கோப்பு அது. கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரிலும், போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரிலும், வங்கியின் கேஒய்சி புதுப்பிப்பு என்ற பெயரிலும் அது வாட்ஸ்அப்பில் வருகிறது. 2024 நவம்பரில் இமாசலப் பிரதேசக் காவல்துறை இத்தகைய கல்யாண அழைப்பிதழ்களைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. படமாக அல்ல, டாக்குமெண்டாக வரும். முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நிகாஹ் பத்திரிகையும் வலீமா அழைப்பும் கைபேசியிலேயே வந்துவிடுகிற காலம் இது. ஒரு பூ, ஒரு பிறை, ‘பிஸ்மில்லாஹ்’ என்று ஒரு சின்னம் தெரிந்தால் யாருக்குத்தான் தொடத் தோன்றாது?

தொட்டவுடன் பணம் போய்விடாது. இங்கேதான் மக்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். ‘இந்த மூலத்திலிருந்து செயலியை நிறுவ அனுமதிக்கவா?’ என்று கைபேசி கேட்கும். அனுமதித்தால், நிறுவவா என்று கேட்கும். பிறகு அந்தச் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும், சில வேளை ‘ஆக்சசிபிலிட்டி’ அனுமதியும் கேட்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவ உருவான வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் உள்ளதைப் படிக்கவும், நமக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் அந்தச் செயலியால் முடியும். இதற்குப் பிறகுதான் ஓடிபி அவர்களுக்குப் போகிறது, பணமும் போகிறது. ஆக நான்கு இடங்களில் கைபேசி நம்மை நிறுத்திக் கேட்கிறது, நான்கு இடங்களிலும் நாமே ‘சரி’ என்கிறோம். கல்யாணப் பத்திரிகைக்குக் குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி எதற்கு என்று அந்த நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை.

இன்னும் மோசமானது, நுழைந்தபின் அது அதே கோப்பை நம் வாட்ஸ்அப்பிலிருந்து நம் உறவினர்களுக்கும் குழுக்களுக்கும் அனுப்பக்கூடியது. ‘அறியாத எண்ணிலிருந்து வருவதைத் திறக்காதீர்கள்’ என்ற அறிவுரை அதனால் போதவில்லை. மாமாவின் எண்ணிலிருந்து வரும், மஹல்லா ஜமாஅத் செயலாளரின் எண்ணிலிருந்தும் வரும். அனுப்பியது அவர் இல்லை, அவருடைய கைபேசியில் குடியேறியிருக்கும் திருடன். ஒரு நொடி அவருக்கு அழைத்து, ‘நீங்கள்தான் அனுப்பினீர்களா?’ என்று கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

வைரஸ் இல்லாத படமும் பணத்தை எடுக்கும்

இன்னொரு வகைப் படத்தில் எந்த நிரலும் ஒளிந்திருக்காது. ஒரு நோயாளிக் குழந்தையின் படம், கீழே ஒரு கியூஆர் கட்டம். அல்லது எங்கோ ஒரு மதரஸாவுக்கு, இடிந்த பள்ளிவாசலுக்கு, காஸாவின் அநாதைகளுக்கு உதவி கேட்டு ஒரு போஸ்டர். உண்மையான போஸ்டரில் கியூஆர் கட்டத்தை மட்டும் மாற்றி ஒட்டுவது ஒரு நிமிட வேலை. ரமளான் பிறந்ததும் ஜகாத்தும் ஸதகாவும் கையில் வைத்துக்கொண்டு கொடுக்க இடம் தேடுகிற சமுதாயம் நாம். அந்த நல்லெண்ணம்தான் இங்கே திறந்த கதவு.

யுபிஐயில் ஸ்கேன் செய்தபின் பெறுகிறவரின் பெயர் திரையில் வரும். அந்தப் பெயர் போஸ்டரில் உள்ள அறக்கட்டளையின் பெயரா, யாரோ ஒரு தனிநபரின் பெயரா என்று பார்த்துவிட்டு அனுப்பலாம். பணம் பெறுவதற்கு எந்தக் காலத்திலும் பின் எண் தேவையில்லை என்பதையும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். உதவித்தொகை வரும், உம்ரா குலுக்கல் பரிசு வரும் என்று சொல்லி ஸ்கேன் செய்யச் சொல்கிறவன் பணத்தை எடுக்க வருகிறான்.

எச்சரிக்கைக்கு இஸ்னாத் உண்டா?

மதரஸாவில் ஹதீஸ் பாடத்தில் முதலில் கற்பிக்கப்படுவது, சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று விசாரிப்பது. ராவி யாரென்றே தெரியாதவர் என்றால் ‘மஜ்ஹூல்’ என்று ஒதுக்கி வைப்பார்கள். அத்தகைய மரபுக்குச் சொந்தக்காரர்களான நாம், ஷாங்காயில் யாரோ சொன்னதாக வரும் செய்தியைச் சொன்னவர் யார் என்று கேட்காமல் ஐந்து குழுக்களுக்கு அனுப்புகிறோம். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை, கலவரக் காலத்து வதந்திகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட்டோம். நல்ல நோக்கத்தோடு அனுப்பும் எச்சரிக்கையும் செய்திதான். அதற்கும் விசாரிக்கும் கடமை உண்டு.

வதந்தியால் இந்தியாவில் உயிர்களே போனபின், 2018 ஜூலையில் ஒரு நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இங்கே கட்டுப்பாடு கொண்டுவந்தது. இன்று ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது ஐந்து கைகளுக்கு மேல் மாறி வந்தது என்று பொருள். அதன் முதல் கை யாருடையது என்று அனுப்பியவருக்கும் தெரியாது.

இந்தப் பொய் எச்சரிக்கைகளால் நேரடித் தீங்கு இல்லையே என்று சிலர் கேட்கலாம். உண்டு. படத்தைக் கண்டு பயந்தே பழகியவர், படமில்லாத டாக்குமெண்ட் வரும்போது பயப்படுவதில்லை. ‘குட் மார்னிங் படத்தையெல்லாம் அழித்துவிட்டேன், என் கைபேசி பத்திரம்’ என்ற நிம்மதி அவருக்கு வந்துவிடுகிறது.

வீட்டில் ஒரு மணி நேரம்

வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்துவிடலாம். பெற்றோரின் ஆண்ட்ராய்டு கைபேசியில் அமைப்புகளுக்குள் போய், அறியாத செயலிகளை நிறுவும் அனுமதி வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் இருந்தால் எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலை மேலே சொன்ன ஏபிகே ஆபத்தின் பெரும்பகுதியை நிறுத்திவிடும். ஐஃபோனில் ஏபிகே நிறுவவே முடியாது. கைபேசிக்கும் வாட்ஸ்அப்புக்கும் நிலுவையிலுள்ள அப்டேட்டுகளைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு ஒரு பின் எண் வையுங்கள். படங்கள் தானாகத் தரவிறங்குவதையும் நிறுத்தலாம், டேட்டாவும் மிச்சமாகும். திருத்தம் வருவது நின்றுபோன பழைய கைபேசியில் யுபிஐ வேண்டாம், அல்லது அதில் சிறு தொகை மட்டும் உள்ள தனிக் கணக்கை இணையுங்கள். சமூகப் பணியிலும் ஊடகத்திலும் இருப்பவர்கள் ஐஃபோனின் ‘லாக்டவுன்’ வசதியைக் கற்றுக்கொள்வது நல்லது. மற்றவர்களுக்கு அது தேவைப்படாது.

இத்தனைக்குப் பிறகும் யாராவது ஏமாறுவார்கள். அப்படி நிறுவிவிட்டால் முதலில் அந்தக் கைபேசியின் இணையத்தைத் துண்டித்து, வேறொரு கைபேசியிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். பிறகு உடனே 1930 என்ற எண். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே புகார் பதிவானால் வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு, மறுநாள் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையும் இதையே முக்கியமாக்குகிறது. வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. அவருடைய கவனக்குறைவே காரணம் என்றாலும், தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது.

நேரம் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அறியாமை அல்ல, பயம். வெளிநாட்டில் இருக்கும் கணவருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று மனைவி மறைக்கிறார். மகன் திட்டுவான் என்று அத்தா இரண்டு நாள் வாய் திறப்பதில்லை. ஊரில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று ஜமாஅத் நிர்வாகிகூட மறைப்பதுண்டு. பணம் போனது தெரிந்ததும் வீட்டில் முதல் கேள்வி ‘உனக்கு அறிவில்லையா?’ என்பதாக இருந்தால், அந்த வீட்டிலிருந்து 1930க்கு அழைப்பு போவதற்குள் திருடன் பணத்தை எடுத்து முடித்திருப்பான்.